கன்றைப் பார்த்து வாங்குவோம்

சந்தனம் எல்லோருக்கும் தெரியும். மரத்தைப் பார்க்காதவர்கள்கூட அதன் மணத்தை அறிவார்கள். கல்யாண வீட்டு வாசலில் முதலில் நீட்டுவது சந்தனக் கிண்ணம். மைசூர் சாண்டல் சோப்பில் மணப்பதும் சந்தன எண்ணெய்தான்.

அந்த எண்ணெயைப் பெங்களூரில் வடிக்கத் தொடங்கியது 1916-ம் ஆண்டில். அப்போது முதல் உலகப் போர் நடந்தது. கப்பலில் வெளிநாடு போய்க் கொண்டிருந்த சந்தனக் கட்டைகள் போரினால் தேங்கிவிட்டன. இங்கேயே எண்ணெய் எடுக்கலாம் என்று மைசூர் அரசு முடிவு செய்தது.

முன்பெல்லாம் சந்தன மரம் அரசுக்கே சொந்தம். உங்கள் நிலத்தில் தானாக முளைத்தாலும் அது உங்கள் மரம் இல்லை. அதனால் விவசாயிகள் சந்தனத்தை வளர்க்க விரும்பவில்லை. வம்பு வேண்டாம் என்று முளையிலேயே கிள்ளிப் போட்டவர்களும் உண்டு.

2001-ல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு, 2002-ல், தமிழ்நாடும் திருத்தியது. இப்போது பட்டா நிலத்தில் உள்ள சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனால் வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

சட்டம் மாறியதும் கன்றுக்குத் தேவை வந்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும், ஓசூர்ப் பக்கத்திலும் பலர் சந்தனம் நடுகிறார்கள். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிறுவனமும் பெங்களூரில்தான் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அது. மத்திய அரசின் நிறுவனம். அந்த இடத்தில் 1938-ல் ஒரு வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1988-ல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒசகோட்டை அருகே கொட்டிப்புராவில் அதற்குச் சந்தனத் தோட்டமும் உண்டு.

சந்தனம் அவசரக்காரர்களுக்கு ஏற்ற பயிர் இல்லை. மணமுள்ள நடுக்கட்டையை வைரம் என்பார்கள். அது உருவாகத் தொடங்கவே பத்து ஆண்டு போல ஆகும். வெட்டுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகூடக் காத்திருக்க வேண்டும். இன்று பிறந்த பெண் குழந்தை கல்லூரிக்குப் போகும் வரை அந்த மரம் நிலத்தில் நிற்க வேண்டும்.

இவ்வளவு காலம் நிற்க வேண்டிய மரத்தின் கன்றை நாம் எப்படி வாங்குகிறோம்? கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். மாட்டைப் பல் பார்த்து வாங்குகிறோம். கன்றை மட்டும் "பச்சையாக இருக்கிறது" என்று சொல்லி டெம்போவில் ஏற்றிவிடுகிறோம்.

பச்சை ஏமாற்றும்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் காலையில் கொத்தமல்லிக் கட்டைப் பாருங்கள். பசேல் என்று இருக்கும். அதன் வேரைப் பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? நேற்று மாலையே பறித்திருப்பார்கள். தண்ணீர் தெளித்து வைத்தால் இன்று மாலை வரைகூடப் பச்சையாகவே இருக்கும். ஆனால் அதை மண்ணில் ஊன்றினால் பிழைக்குமா?

இலையின் பச்சை என்பது இலையில் உள்ள ஒரு நிறப்பொருள். இலையில் ஈரம் இருக்கும் வரை அந்த நிறமும் இருக்கும். வேர் செத்த பிறகும் சில நாள் இருக்கும். தடித்த இலை உள்ள செடிகளில் பல வாரம்கூட இருக்கும். அதாவது, இலை நமக்குச் சொல்வது பழைய செய்தி. இன்றைய செய்தி வேரில் இருக்கிறது.

இதை மிக நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் பனிநாடுகளில் கன்று வளர்ப்பவர்கள். அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பனிப்பெட்டியில் தூங்கும் கன்றுகள்

லால்பாக் தோட்டத்தில் கூம்பு போல உயர்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அதன் சரியான பெயர் அரக்காரியா. பைன் மரமும் இதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பைன் போன்றவற்றின் இலைகள் ஊசி போல இருக்கும். அதனால் ஊசியிலை மரங்கள் என்கிறோம்.

கனடா, சுவீடன் போன்ற நாடுகளில் இந்த மரங்களே பெரிய காடு. மரம் வெட்டிய இடத்தில் கன்று நட வேண்டும். ஆனால் அங்கே ஒரு சிக்கல். நாற்றங்கால் இருக்கும் இடத்தில் வசந்தம் சீக்கிரம் வந்துவிடும். கன்று துளிர்க்கத் தொடங்கும். நட வேண்டிய மலையிலோ பனி இன்னும் உருகி இருக்காது. துளிர்த்த கன்றை நட்டால் பிழைப்பது கடினம்.

இதற்கு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். குளிர்காலம் தொடங்கும்போது கன்றுகள் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கும். அப்போதே அவற்றைப் பிடுங்கி, பையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். பெட்டிகளைப் பெரிய குளிர் அறையில் வைக்கிறார்கள். தண்ணீர் உறைவது பூஜ்யம் டிகிரியில். அந்த அறையில் அதற்கும் கீழே இரண்டு டிகிரி இருக்கும். கன்றுகள் நான்கு மாதம், ஆறு மாதம் இருட்டில் உறைந்து கிடக்கும்.

உறைந்தால் செத்துப் போகாதா? நன்றாகத் தூங்கிய கன்று சாகாது. குளிர் வரும்போது அது தன் உடம்பில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது. செல் என்பது உடம்பின் மிகச் சிறிய அறை. பனி அந்த அறைகளுக்கு வெளியே உள்ள இடைவெளியில் உறையும். அறைக்கு உள்ளே உறையாது. அறை உடையாமல் இருந்தால் உயிரும் இருக்கும். சரியாகத் தூங்காத கன்றை உள்ளே வைத்தால் அறைகள் கெட்டுப் போகும்.

வசந்தத்தில் பெட்டியைத் திறக்கிறார்கள். கன்றெல்லாம் பச்சையாகவே இருக்கின்றன. எது உயிர், எது பிணம்? கண்ணால் சொல்ல முடியாது. செத்த கன்றின் ஊசிகளும் பல நாள் பச்சையாகவே நிற்கும். நட்டு, கூலி கொடுத்து, சில வாரம் கழித்துத்தான் அது பழுப்பாகும். அதனால் நடுவதற்கு முன்பே சோதிக்கிறார்கள்.

முதல் சோதனை மூக்கு. பெட்டியைத் திறந்ததும் ஈர மண்ணும் மரமும் கலந்த மணம் வர வேண்டும். புளித்த நாற்றமோ அழுகல் நாற்றமோ வந்தால் சந்தேகம். ஊசிகளின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அடுத்தது வேர். சில கன்றுகளை எடுத்து, தொட்டியில் வைத்து, சூடான வெளிச்சமான அறையில் ஏழு நாள் வளர்க்கிறார்கள். பிறகு வேரைக் கழுவி எண்ணுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட புதிய வெள்ளை வேர்கள் எத்தனை? நிறைய இருந்தால் அந்தப் பெட்டி நல்ல பெட்டி. ஒன்றுகூட இல்லை என்றால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பயனில்லை.

அவசரமாக முடிவு தெரிய இன்னொரு சோதனை. வேரையோ ஊசியையோ சிறிது வெட்டிச் சுத்தமான தண்ணீரில் போடுகிறார்கள். உயிருள்ள செல் தன் உப்பை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். செத்த செல் ஓட்டைப் பை மாதிரி. உப்பு தண்ணீரில் கசிந்துவிடும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். அதை ஒரு கருவியால் அளந்தால் சேதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கன்றும் காத்திருக்கிறது

சந்தனக் கன்றை இப்படிக் குளிர் அறையில் வைக்க முடியாது. அது வெயில் நாட்டுச் செடி. உறைந்தால் செத்துவிடும். நமக்கு அந்தத் தேவையும் இல்லை.

ஆனால் நம் கன்றும் ஒரு பெட்டியில் காத்திருக்கிறது. அந்தப் பெட்டி கறுப்பு பாலிதீன் பை. மழை தாமதமானால் காத்திருக்கும். வாங்க ஆள் வராவிட்டால் காத்திருக்கும். சில சமயம் ஒரு வருஷம் தாண்டியும் காத்திருக்கும். பனிநாட்டுக் கன்று தூங்கிக்கொண்டு காத்திருக்கிறது. நம் கன்றோ விழித்துக்கொண்டு காத்திருக்கிறது. அதன் வேர் வளர்ந்துகொண்டே இருக்கும். பைக்குள் இடம் இருக்காது. அதனால் வேர் பையின் அடியில் போய்ச் சுற்றிச் சுற்றிச் சுருளும்.

சுருண்ட வேரை அப்படியே நட்டால் என்ன ஆகும்? முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றுகிறோம், செடி நிற்கும். வேர் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரிக்கும். ஆழமாக இறங்காது. கோடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது அந்த மரம்தான். பலமான காற்றில் சாய்வதும் அதுதான். அதற்குள் மூன்று நான்கு வருஷம் போயிருக்கும்.

சந்தனத்துக்குத் துணை வேண்டும்

சந்தனத்தின் வேரைச் சோதிக்கும் முன் அதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருப்பதால் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் சத்துகளையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சும்.

விதை முளைத்து நான்கைந்து இலை விட்டதும் நாற்றைப் பைக்கு மாற்றுவார்கள். அப்போதே அந்தப் பையில் ஒரு துவரையையும் முளைக்க விடுவார்கள். துவரையே சந்தனத்துக்கு முதல் துணை. துணை இல்லாத சந்தனக் கன்று வெளிறி, குட்டையாக நிற்கும். யூரியா போட்டாலும் தேறாது.

எனவே நர்சரியில் பையைப் பார்க்கும்போது இரண்டு செடியையும் பாருங்கள். துவரை உயிரோடு இருக்கிறதா? காய்ந்து குச்சியாக நிற்கிறதா? இல்லை, காடாக வளர்ந்து சந்தனத்தையே மூடிவிட்டதா? நல்ல நர்சரியில் துவரையை அவ்வப்போது கத்தரித்து விடுவார்கள்.

தண்டு சொல்லும் சேதி

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் உயரமான கன்றையே கேட்பார்கள். நர்சரியில் வேலை செய்யும் பெண்களுக்கு இது பழகிப் போன விஷயம். பேச்சு இப்படித்தான் போகும்:

"அக்கா, அந்த ஓரத்துல உசரமா இருக்கே, அதைக் குடுங்க. சீக்கிரம் மரமாகும்."

"அது போன வருஷத்துக் கன்னு அண்ணா. வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா இதைப் பாருங்க. ஒரு அடிதான் இருக்கு. அடித்தண்டு எப்படி காப்பிக் கலர்ல இருக்கு பாத்தீங்களா?"

"குட்டையா இருக்கே அக்கா."

"குட்டையா இருந்தாலும் கெட்டி. அந்த உசரத்தை ஒரு விரலால தள்ளிப் பாருங்க, சாயும்."

அந்த அக்கா சொல்வது சரி. ஆறு முதல் எட்டு மாத வயது, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம், கிளை விட்ட உருவம், அடியில் பழுப்பாக மாறிய தண்டு. இதுதான் நடுவதற்கு ஏற்ற சந்தனக் கன்று. தண்டு பழுப்பாவது என்றால் பட்டை முதிர்கிறது என்று பொருள். முழுத் தண்டும் இளம்பச்சையாக, நொய்வாக இருந்தால் அது நிழலிலேயே வளர்ந்த கன்று. வெயிலில் வைத்தால் துவளும்.

கன்று திடமா, வெறும் உயரமா என்று அறிய ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உயரத்தைச் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டின் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். உயரத்தைத் தடிப்பால் வகுக்க வேண்டும். விடை ஆறு, அல்லது அதற்கும் குறைவு என்றால் திடமான கன்று. ஆறுக்கு மேல் போகப் போக ஒல்லி.

ஒரு கன்றின் உயரம் 30 சென்டிமீட்டர், தடிப்பு 5 மில்லிமீட்டர். 30-ஐ 5-ஆல் வகுத்தால் 6. நல்ல கன்று. இன்னொன்று 60 சென்டிமீட்டர் உயரம். தடிப்பு அதே 5 மில்லிமீட்டர். விடை 12. விலை கூடக் கேட்பது இந்தக் கன்றுக்குத்தான்!

இந்தக் கணக்கு மரக்கன்று எல்லாவற்றுக்கும் பொதுவானது. அரை, கால் கூடினால் கன்றைத் தள்ளிவிட வேண்டாம். பத்து, பன்னிரண்டு என்றால் யோசிக்க வேண்டும்.

தண்டில் உயிர் இருக்கிறதா என்று அறிய நகம் போதும். தண்டின் மேல்தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நுனியில் செத்திருந்தால் கொஞ்சம் கீழே கீறிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்திலும் பழுப்பாகவே இருந்தால் அதை விட்டுவிடலாம். கீறல் சிறிதாக இருக்கட்டும். தண்டைச் சுற்றிக் கீறினால் நல்ல கன்றும் செத்துவிடும்.

பையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

இனி வேர். இதற்கு ஒன்றிரண்டு பையையாவது கிழிக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். கிழித்த கன்றுக்குக் காசு கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நானூறு கன்று வாங்குபவருக்கு நான்கு கன்றின் விலை பெரிதில்லை. அதற்கும் சம்மதிக்காத இடத்தில் நானூறு கன்று வாங்காமல் இருப்பதே நல்லது.

கிழிக்கும் முன்பே பையின் அடியைப் பாருங்கள். பையைத் துளைத்துத் தடித்த வேர் வெளியே வந்து, அது அறுந்தும் இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பை பல மாதம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. வேர் தரைக்குள் இறங்கிவிட்டது. இப்போது உங்களுக்காகப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். அதன் முக்கிய வேர் தரையிலேயே நின்றுவிட்டது. இதைத் தடுக்கவே நல்ல நர்சரிகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பைகளை எடுத்து மாற்றி வைப்பார்கள்.

மேல் மண்ணில் பாசி படர்ந்திருந்தால் தண்ணீர் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். வேருக்குக் காற்று கிடைத்திருக்காது.

இனி பையைக் கிழியுங்கள். மண் உதிர்ந்து கொட்டக் கூடாது. வேர் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். வேர் நுனிகள் வெள்ளையாக இருந்தால் அது வளர்கிற வேர். பனிநாட்டுக்காரர்கள் ஏழு நாள் காத்திருந்து எண்ணுகிறார்களே, அதே வெள்ளை வேர்தான். வேரெல்லாம் கறுத்து, இரு விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அது அழுகல். மண்ணை மோந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் வரக் கூடாது.

சந்தன நாற்றங்காலில் அதிகம் கொல்லும் நோய் இந்த வேர் அழுகலே. பூசணமும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவும் சேர்ந்து தாக்கும். முதலில் இலை வாடும். பிறகு திடீரென்று மஞ்சளாகும். அதற்குள் வேர் அழுகியிருக்கும். ஒரு வரிசையில் நான்கைந்து கன்று இப்படி இருந்தால் அந்த வரிசை முழுவதையும் விட்டுவிடுங்கள். இன்று பச்சையாக நிற்கும் பக்கத்துக் கன்றின் மண்ணிலும் அதே புழு இருக்கலாம்.

வேரில் மூன்று விதக் குண்டுகள் கண்ணில் படும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

துவரை வேரில் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் சிறு உருண்டைகள் இருக்கும். நகத்தால் தட்டினால் சுலபமாகக் கழன்று வரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இவை உரம் தயாரிக்கும் வேர் முடிச்சுகள். கடலைச் செடியிலும் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். இவை நல்லவை.

சந்தன வேரும் துவரை வேரும் தொடும் இடத்தில் சிறு பொத்தான் போல ஒரு பிடிப்பு இருக்கும். அதுவே சந்தனத்தின் உறிஞ்சு உறுப்பு. அதன் வழியாகவே துவரையிடம் தண்ணீர் வாங்குகிறது. இதுவும் நல்லது. இது இருந்தால் துணை சேர்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது வகை வேறு. வேரே அங்கங்கே வீங்கி, முடிச்சு முடிச்சாக இருக்கும். கழற்ற வராது. வேரை அறுத்தால்தான் வரும். அது நூற்புழுவின் வேலை. அந்தக் கன்று வேண்டாம். உங்கள் நிலத்துக்குப் புழுவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவானேன்?

எத்தனை கன்றைச் சோதிப்பது?

பத்தடிக்குப் பத்தடி என்று நட்டால் ஒரு கன்றுக்கு 100 சதுர அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆக, ஏக்கருக்கு 435 கன்று பிடிக்கும்.

ஒரு கன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 435 கன்றுக்கு 17,400 ரூபாய். இதில் ஐந்தில் ஒரு பங்கு கெட்ட கன்று என்றால் 87 கன்று போய்விடும். கன்றின் விலையாக 3,480 ரூபாய் நஷ்டம். குழி வெட்டிய கூலி, எரு, தண்ணீர் எல்லாம் தனி. இவற்றைவிடப் பெரிய நஷ்டம் காலம். அடுத்த வருஷம் நடும் 87 கன்றும் ஒரு வருஷம் பின்தங்கியே நிற்கும்.

எல்லாக் கன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. சோறு வெந்ததா என்று பார்க்கச் சில பருக்கையை எடுக்கிறோம் அல்லவா? அதுபோலச் சிலவற்றைப் பார்த்தால் போதும். ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். முன்வரிசையில் எப்போதும் நல்லதே இருக்கும். நடுவிலிருந்து எடுங்கள், மூலையிலிருந்து எடுங்கள், தண்ணீர் தேங்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். நீங்களே கை வைத்து எடுங்கள். இருபது கன்றின் தண்டைப் பாருங்கள். அதில் நான்கைப் பிரித்து வேரைப் பாருங்கள். நான்கில் இரண்டு கெட்டிருந்தால் வேறு நர்சரிக்குப் போகலாம்.

லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்தில் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. பூச்செடி வாங்க அது அருமையான இடம். நூற்றுக்கணக்கில் சந்தனக் கன்று வேண்டும் என்றால் கன்றை விதையிலிருந்து வளர்க்கும் இடத்துக்கே போவது நல்லது. விதை எந்த ஊர் மரத்தில் எடுத்தது, எந்த மாதம் விதைத்தது என்று அங்கே கேட்டறியலாம். கேட்கும்போது ஒரு நோட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதை எடுத்த ஊரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சந்தனத்துக்குக் கூர்நுனி நோய் என்று ஒன்று வரும். இலைகள் வரவர மிகச் சிறிதாகி, விறைத்து, கதிர் போலக் குத்திட்டு நிற்கும். 1890-களின் இறுதியில் குடகில் முதலில் கவனிக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைத் தீர்க்க மருந்து இல்லை. நோய் வந்த மரம் சில ஆண்டுகளில் சாகும். நோய் உள்ள பகுதிக் கன்றைத் தேடிப் போய் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முடிந்தால் நடுவதற்குப் பத்து நாள் முன்பே கன்றைக் கொண்டுவந்துவிடுங்கள். கொண்டுவரும்போது டெம்போவை மூடிக்கொண்டு வர வேண்டும். திறந்த வண்டியில் ஓசூர் ரோட்டில் ஒரு மணி நேரம் காற்று அடித்தால் இலை உலர்ந்துவிடும். கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பையின் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்தால் பையின் எடை முழுவதும் வேரை அறுக்கும்.

இறக்கியதும் மர நிழலில் வையுங்கள். நாளுக்கு ஒரு வேளை தண்ணீர் போதும். மூன்று நாள் கழித்துக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு முழு வெயில். இந்தப் பத்து நாளில் உங்களுக்கும் பனிநாட்டுச் சோதனையின் பலன் கிடைக்கும். நல்ல கன்று நுனியில் புதிய துளிர் காட்டும். நடுப்பகலில் வாடினாலும் மாலையில் நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிராத கன்றைத் தனியே எடுத்து வையுங்கள். நட வேண்டாம்.

ஜூன், ஜூலையில் மண் நனைந்ததும் நடலாம். குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். பையோடு நடுவதை இன்றும் சில இடங்களில் பார்க்க முடிகிறது. அது கன்றைச் சாக்கில் கட்டிப் புதைப்பது போலத்தான். அடியில் லேசாகச் சுருண்ட மெல்லிய வேர் இருந்தால் கூர்மையான கத்தியால் வெட்டிவிடலாம். துவரையைப் பிரிக்க வேண்டாம். சந்தனத்தோடு சேர்த்தே நட வேண்டும்.

முப்பதாம் நாள் எண்ணிப் பாருங்கள். செத்த இடத்தில் அதே மழையில் வேறு கன்று வையுங்கள். இதற்காகவே நூறுக்குப் பத்து கன்று கூடுதலாக வாங்கி வைப்பார்கள்.

துவரையின் ஆயுள் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான். அது காய்வதற்குள் சந்தனத்துக்கு அடுத்த துணை கிடைத்திருக்க வேண்டும். சவுக்கு, அகத்தி, புங்கம், நெல்லி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தனத்துக்கு நான்கைந்து அடி தள்ளி நடுங்கள். இதையும் அதே மழையில் நட்டுவிட்டால், துவரை காயும் நேரத்தில் சந்தன வேர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.